எப்படியும் போகப் போகிறவர்

மயக்க மருந்துத் துறைக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த நோயாளிக்கும் உங்களை நினைவிருக்காது. வயிற்றை அறுத்துத் தைத்த டாக்டர் வீட்டுக்குத் தீபாவளிக்குப் பலகாரம் போகும். அறுத்து முடிக்கும் வரை ஆளை உயிரோடு வைத்திருந்த நீங்கள் கடைத்தெருவில் எதிரே வந்தால், 'எங்கேயோ பார்த்த முகமா இருக்கே' என்று கண்ணைச் சுருக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் கொடுக்கிற மருந்தின் குணம் அப்படி. அதற்காக வருத்தப்படுகிறவர்கள் இப்போதே தோல் வைத்தியத்துக்கு மாறிக்கொள்ளலாம். அங்கே நோயாளி முழித்துக்கொண்டே இருப்பார், நன்றியும் சொல்வார்.

ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பேசக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இந்தக் கருவி இல்லாமல், அந்தத் திரை இல்லாமல், அந்தக் காலத்தில் எப்படி மேடம் சமாளித்தீர்கள் என்று கண்ணை அகல விரிக்கிறார்கள். ஏதோ நாங்கள் கல்லால் கல்லை உரசி நெருப்பு உண்டாக்கி அறுவை சிகிச்சை செய்ததைப் போல. கருவி இல்லாததால் போன உயிர்களை நான் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சொல்லால் போன உயிர்கள் அதைவிட அதிகம். அந்தச் சொல் உங்கள் மருத்துவமனை வராந்தாவிலும் தினமும் புழங்குகிறது. 'எப்படியும்.'

'எப்படியும் போகப் போகிறவர்தானே.' இதைச் சொல்லும்போது டாக்டரின் குரல் தானாகத் தாழும். முகத்தில் ஒரு துறவிக் களை வரும். வாழ்வின் நிலையாமையை அப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவார். எப்படியும் சாவார் என்று சொல்லிவிட்டால், எப்படிச் சாவார் என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. அந்த 'எப்படி'க்குத்தான் ஐயா நமக்கு வேலையே கொடுத்திருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். பெயர் வேண்டாம். அதை நடத்திய பெரிய டாக்டரின் பெயரும் வேண்டாம். கெட்டிக்காரர்தான். நோயாளியின் நாடியைவிட ஊரின் நாடி அவருக்கு நன்றாகத் தெரியும். எந்த நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போய் நம் புகழைப் பரப்புவார், எவர் பிழைக்காமல் நம் பெயரைக் கெடுப்பார் என்று வாசலிலேயே ஆளைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அப்படி அவர் வாசலிலேயே ஒதுக்கி வைத்த ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவர் சேரன்மகாதேவிக்காரர். வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுகிறவர். ஊரே அவரை ஏலக்கார அண்ணாச்சி என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். அவர் மண்டிக்குள் நின்று கூவினால் ஆற்றங்கரையில் குளிக்கிறவனுக்குக் கேட்கும் என்று அவருடைய ஆட்கள் பெருமையாகச் சொன்னார்கள். எங்களிடம் வந்தபோது அந்தத் தொண்டையிலிருந்து வந்தது ஒரு விசில் சத்தம் மட்டும்தான். ஒரு மூச்சுக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை.

அவருடைய மருமகன் மருந்துக் கடை வைத்திருந்தார். இது அண்ணாச்சியின் முதல் துரதிர்ஷ்டம். மாமனாருக்கு வந்திருப்பது 'எளப்பு', அதாவது ஆஸ்துமா, என்று மருமகனே முடிவுகட்டி, கடையில் அடுக்கியிருந்த எளப்பு மாத்திரை, எளப்பு டானிக் எல்லாவற்றையும் மாதக் கணக்கில் மாமனாருக்குள் இறக்கியிருக்கிறார். எளப்பு என்றால் மூச்சை வெளியே விடும்போது விசிலடிக்கும். இவருக்கு உள்ளே இழுக்கும்போதும் அடித்தது. இந்த வித்தியாசத்தைக் கேட்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம், காது இருந்தால் போதும். மருமகனுக்குக் காது இருந்தது, ஆனால் கல்லாப் பக்கம் திரும்பியிருந்தது.

கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. முக்கால்வாசி வழியை அது அடைத்துக்கொண்டிருந்தது. கரண்ட் வைக்கலாம் என்றார்கள். கதிர்வீச்சுக்கு நம் பக்கத்தில் அதுதான் பெயர். கரண்ட் வைத்தால் கட்டி சுருங்கும், சில மாதம் நிம்மதியாக மூச்சு விடலாம். ஆனால் அதற்கு அந்தக் கருவிக்கு அடியில் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். அண்ணாச்சியால் படுக்க முடியாது. படுத்தால் கட்டி சரிந்து மிச்சமிருந்த வழியையும் அடைத்துவிடும். படுக்கிற மாதிரி ஆக்கிக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மதுரையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரவும் பகலும் அவர் உட்கார்ந்தேதான் இருந்தார். முன்னால் குனிந்து, முழங்கால் மேல் கையை ஊன்றிக்கொண்டு. முதுகு கடுத்துப்போய் நிமிர்ந்தால் சாய்வதற்கு ஏதாவது வேண்டும். சுவரில் சாய்த்துப் பார்த்தார்கள், தலையணை அடுக்கிப் பார்த்தார்கள், எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் அவருடைய மனைவி கட்டிலில் ஏறி, அவர் முதுகோடு தன் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். அவர் குனிந்தால் இவர் சாய்வார். அவர் சாய்ந்தால் இவர் குனிவார். பேச்சே கிடையாது. எங்கள் வார்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான் இருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் சிலர் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எங்கள் டாக்டர் ஒருவரும் உண்டு.

பெரிய டாக்டர் அறையில் பேச்சு நடந்தது. நான், காது மூக்கு தொண்டை டாக்டர், பெரிய டாக்டர், மூன்று பேர். தொண்டை டாக்டரிடம் நீளமான இரும்புக் குழல் ஒன்று உண்டு. குழந்தைகள் மூச்சுக்குழலில் புளியங்கொட்டை, கடலை, சட்டை ஊக்கு என்று எதையாவது இழுத்துக்கொண்டு வந்தால், அந்தக் குழலைத் தொண்டை வழியாக விட்டு எடுப்பார். திறமையான கை. அதே குழலின் நுனியால் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து வழி உண்டாக்கலாம் என்பது நான் சொன்ன யோசனை. லேசர் என்பதை அப்போது நாங்கள் புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி.

"புளியங்கொட்டை எடுத்துப் பழகின கை மேடம் இது" என்றார் தொண்டை டாக்டர். "கட்டியத் தொட்டா ரத்தம் வரும்."

"வரும். வழியில கெடக்க சாமான் எதுன்னாலும் எடுக்கத்தான செய்யணும்" என்றேன்.

பெரிய டாக்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"எப்படியும் போகப் போறவரு. நம்ம டேபிள்ல போனா கெட்ட பேரு நமக்கு. வார்டுல போனா நோய்க்கு. என்னத்துக்கு இந்த வீண் வேலை?"

எத்தனையோ பேர் என்னை நேருக்கு நேர் திட்டியிருக்கிறார்கள், எல்லாம் மறந்துவிட்டது. இந்த வாக்கியத்தை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மூச்சுத் திணறிச் சாவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா. நன்றாகத் தெரியும். வார்டில் திரை போட்டு மறைத்துவிட்டால் அது நடக்காத மாதிரிதான் என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம்.

நான் சண்டை போடவில்லை. "சரி சார். இந்த நோயாளிக்கு வழி திறக்க வேண்டாம்னு கேஸ் ஷீட்டுல நீங்களே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க" என்றேன். எழுதச் சொன்னதும் அவருக்குப் பேனா கிடைக்கவில்லை. சட்டைப்பையில் இரண்டு பேனா சொருகியிருந்தது. பையைத் தடவினார், மேஜையைத் தடவினார். "ஒங்க இஷ்டம். ஆனா பொறுப்பு ஒங்களோடது" என்று எழுந்துவிட்டார். இதை ஒரு பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வாயால் எதையும் சொல்கிறவர்களை எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அந்த நிமிடமே மனம் மாறிவிடும்.

வராந்தாவில் அண்ணாச்சியின் உறவு முழுக்கக் கூடி நின்றது. எல்லாருக்கும் ஒரே கவலை. நோய் தீருமா என்பதல்ல. "அவிய காதுல மட்டும் இது விழுந்துரக் கூடாது டாக்டரம்மா. எளப்புக்கு ஒரு சின்ன ஆபரேசன்னு சொல்லியிருக்கோம். அவியளுக்கு ஒண்ணுமே தெரியாம மயக்கம் குடுத்துருங்க" என்றார் மருமகன். நம் ஊர்க் குடும்பங்களின் பெரிய சாமர்த்தியம் இது. எவன் உடம்போ அவனுக்குத் தெரியாமல் வைத்தியம் பார்ப்பது. மற்ற எல்லாருக்கும் தெரியும், பெட்டிக் கடைக்காரனுக்கும் தெரியும்.

மறுநாள் காலை அறுவை என்று முடிவானதும், அன்று சாயங்காலம் நான் அவரைப் பார்க்கப் போனேன். மனைவியைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பினேன்.

"யம்மா, நீங்கதான்... மயக்கம் குடுக்க டாக்டரா?"

"ஆமா அண்ணாச்சி."

"எனக்குப் புத்துன்னு... எனக்குத் தெரியாதுன்னு... நெனச்சுக்கிட்டு இருக்காவ. இருந்துட்டுப் போகட்டும்."

"யாரு சொன்னா ஒங்ககிட்ட?"

"மருமவன்... மரியாதையாப் பேசுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்பவே... தெரிஞ்சு போச்சு."

அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பாமலே சிரித்த மாதிரி இருந்தது.

"பொழைப்பனான்னு... கேக்கல. கால நீட்டி... படுக்க முடியுமா? அத மட்டும்... சொல்லுங்க."

"முடியும்னு நெனைக்கேன். சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன்."

"சத்தியம் பண்ணுதவனுக்கு... நான் தாரே... குடுக்க மாட்டேன்" என்றார்.

அவரைப் பேசவிடக் கூடாதுதான். ஆனாலும் ஆளைத் தெரிந்துகொள்ளாமல் நான் யாருக்கும் மயக்கம் கொடுப்பதில்லை. மண்டியில் எதற்குக் கோபம் வரும் என்று கேட்டேன். விலையைக் குறைத்துக் கேட்பவன் மேல் கோபம் வராதாம், அது அவன் தொழில். முதல்தரமான தாரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவனைக் கண்டால்தான் கை துறுதுறுக்குமாம்.

வெளியே வந்து உறவினர் எல்லாரையும் நிற்க வைத்து, தெளிவான தமிழில் சொன்னேன். "நாளைக்குக் காலைல வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், தூக்க மாத்திரை எதுவும் கிட்டயே வரக் கூடாது. முழிச்சிருக்கதுனாலதான் அண்ணாச்சி மூச்சு விடுதாவ. அசந்தா வழி அடைச்சுக்கிடும்." மருமகன்தான் எல்லாரையும் முந்திக்கொண்டு தலையை ஆட்டினார்.

காலையில் தள்ளுவண்டி வந்தது. அதன் மேலும் இருவரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்துதான் வந்தார்கள். ஆனால் அண்ணாச்சியின் தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த விசில் சத்தம் விட்டுவிட்டு வந்தது. தோளைப் பிடித்து உலுக்கினால் கண் திறந்து, அப்படியே மூடிக்கொண்டது. உதடு கருநீலமாக மாறத் தொடங்கியிருந்தது.

யார் என்ன கொடுத்தது என்று கேட்டேன். மருமகன் தொண்டையைக் கனைத்தார்.

"பயந்துருவாவன்னு ஒரு மாத்திரதான் டாக்டரம்மா. நல்ல கம்பெனி. நீங்க சொன்ன மாதிரி காப்பிகூடக் குடுக்கல, ஒரு மொடக்குத் தண்ணிலதான் குடுத்தேன். எப்படியும் நீங்க மயக்கம் குடுக்கத்தான போறீய, நான் கொஞ்சம் முன்னாடியே..."

அன்பால் செய்ததுதான். அதனால்தான் சொல்கிறேன், அன்பை நம்பாதீர்கள். விரோதி யாரும் நோயாளியின் வாயில் மாத்திரை போடுவதில்லை, வார்டுக்குள் அவனை யாரும் விடுவதும் இல்லை. மாமனாருக்கு எதுவும் தெரியக் கூடாது என்று மாதக் கணக்கில் பாடுபட்ட அந்தக் குடும்பம், கடைசியில் மூச்சு விடுவதுகூட அவருக்குத் தெரியாதபடி செய்துவிட்டது. அந்த மாத்திரைக்கு முறிவு மருந்து அப்போது எங்கள் ஊரில் கிடையாது. கோபப்பட எனக்கு நேரம் இல்லை. கோபத்தை எடுத்துப் பத்திரமாக வைத்தேன். இன்னும் கெடாமல் இருக்கிறது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

தியேட்டர் வாசலுக்குப் பெரிய டாக்டர் வந்துவிட்டார். ஒரு பார்வை பார்த்தார். "வார்டுக்குத் திருப்புங்க."

"போற வழிலயே போயிருவாவ சார்."

"வழி டேபிள் ஆகாதுல்லா" என்றார். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். ஒத்திப்போடலாமா, தொடரலாமா. மருந்தின் வேகம் குறையட்டும் என்று காத்திருக்கலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பாடப்புத்தகத்துக்கு மூச்சு முட்டாது. இவருக்குக் காத்திருக்கிற அளவுக்கு வழி இல்லை, தூக்கம் ஆழமாகிக்கொண்டே போனது. தொடர்ந்தால் மேஜையில் போகலாம். திருப்பினால் நிச்சயமாக வராந்தாவில் போவார். 'போகலாம்' என்பதற்கும் 'நிச்சயம்' என்பதற்கும் நடுவில் எதைப் பிடிப்பது என்று தெரியாதவர்கள் நம் வேலைக்கு வரக் கூடாது. வண்டியை உள்ளே தள்ளச் சொன்னேன். வாசலில் அந்த அம்மாள் இறங்கிக்கொண்டார். அவர் இடத்தில் எங்கள் சிஸ்டரை ஏறி உட்காரச் சொன்னேன். சிஸ்டர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

தொண்டை டாக்டர் குழலைத் தயார் செய்து, தொண்டைக்கு மரப்பு மருந்து அடிக்கும் வரை அண்ணாச்சியை விழித்திருக்க வைக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன், நெஞ்செலும்பில் முஷ்டியால் அழுத்தினேன். கண் ஒரு கீற்று திறந்து மூடியது. விசில் நின்றது. ஒரு முழு மூச்சு வராமலே போனது.

அவர் காதருகே குனிந்து, சத்தமாக, எவ்வளவு ஏளனமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு ஏளனமாகச் சொன்னேன். "என்ன அண்ணாச்சி, இதெல்லாம் ஒரு தாரா? சேரன்மாதேவித் தாருன்னு பேரு வேற. சும்மா குடுத்தாலும் எனக்கு வேண்டாம்."

கண் திறந்தது. முழுசாகத் திறந்தது. அப்படி ஒரு வெறுப்போடு என்னை யாரும் பார்த்ததில்லை. வாயைத் திறந்து என்னைத் திட்டுவதற்காக ஒரு மூச்சை இழுத்தார். அந்த மூச்சுதான் எனக்கு வேண்டும்.

"பழத்தப் பாரு, வெறகுக் கட்ட கணக்கா. கோழிக்கூடு ரகம்ங்காவ, கோழிகூடத் திங்காது" என்று தொடர்ந்தேன். அடுத்த மூச்சும் வந்தது. உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. தொண்டை டாக்டர் கையில் குழலோடு வாயைப் பிளந்து நின்றார். "என்னைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க சார், மருந்த அடிங்க" என்றேன். நான் தாரைப் பழித்துக்கொண்டே இருந்தேன், அவர் என்னைச் சபித்துக்கொண்டே மூச்சு விட்டார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை, தேடாதீர்கள்.

பிறகு தலைப்பக்கம் உயர்த்திய மேஜைக்கு அவரை மாற்றி, உட்கார்ந்தபடியே வைத்துக் கொஞ்சமாக மயக்க வாயு கொடுத்தேன். மூச்சு அவருடையதாகவே இருக்க வேண்டும், நாம் பறித்துக்கொள்ளக் கூடாது. மேஜையின் தலைப்பக்கத்தைப் பைய, பையத் தாழ்த்தினோம். கொஞ்சம் தாழ்த்துவது, கேட்பது, இன்னும் கொஞ்சம் தாழ்த்துவது. அரைவாசி சாய்ந்ததும் மூச்சு இழுபட்டது. தொண்டை டாக்டர் குழலை உள்ளே விட முயன்றார், அண்ணாச்சி இருமினார்.

"அசையுதாரு மேடம். தளர்த்துற ஊசியப் போடுங்க."

தசைகளைத் தளர்த்துகிற ஊசி, மூச்சையும் சேர்த்து நிறுத்திவிடும். அதைப் போட்டால் நோயாளி அசையாமல் கிடப்பார், அறுப்பவருக்கு வசதியாக இருக்கும். குழல் கட்டியைத் தாண்டிவிட்டால் எல்லாம் சுபம். தாண்டாவிட்டால் காற்றை எந்த வழியாக அனுப்புவீர்கள். நான் மாட்டேன் என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் மாட்டேன் என்றேன். அறுப்பவரின் வசதிக்காக ஆளைக் கொன்றவர்கள் நம் துறையில் உண்டு. அவர்களுக்கும் தீபாவளிப் பலகாரம் வந்ததில்லை.

இன்னும் கொஞ்சம் மரப்பு மருந்து, இன்னும் கொஞ்சம் வாயு. குழல் குரல்நாணைத் தாண்டி இறங்கியது. கட்டியைத் தொட்டதும் ரத்தம்.

"ஒண்ணும் தெரியல மேடம். ஒரே செவப்பா இருக்கு." அவர் கை நின்றுவிட்டது. அண்ணாச்சியின் மூச்சும் நின்றுவிட்டது.

திறமையான கைகள் நிற்பது இப்படிப்பட்ட இடத்தில்தான். கண்ணுக்குத் தெரிந்தால் செய்வேன் என்று காத்திருக்கும். "தெரியாட்டாப் பரவால்ல சார். வலப்பக்கமா ஒதுங்கி உள்ள தள்ளுங்க. வழி அங்கனதான் இருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு, ஊரில் பெயர் உண்டு, வாசலில் பெரிய டாக்டர் நிற்கிறார். பிறகு தள்ளினார். குழல் கட்டியை உரசிக்கொண்டு கீழே இறங்கியது. நான் காற்றுப் பையை அமுக்கினேன். வலப்பக்க நெஞ்சு எழுந்தது.

அதற்குப் பிறகு அவர் தைரியசாலி ஆகிவிட்டார். குழலின் நுனியால் குடைந்து, குறட்டால் துண்டு துண்டாக எடுத்தார். ரத்தம் வந்தபோது மருந்து நனைத்த பஞ்சை அழுத்திப் பிடித்துக் காத்திருக்கச் சொன்னேன். காத்திருப்பது போல் கஷ்டமான வேலை அறுப்பவர்களுக்கு வேறு இல்லை, குழந்தைப் பிள்ளைகள் மாதிரி எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். இடப்பக்கமும் பாதிக்கு மேல் திறந்தது. "இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதையும் எடுத்துட்டா சுத்தமா இருக்கும்" என்றார். போதும் என்றேன். அதற்குக் கீழே ரத்தக்குழாய் ஓடுகிறது. வழி விடத்தான் வந்தோம், வீடு பெருக்க வரவில்லை. பயந்து நின்ற கை பேராசைப்பட ஆரம்பிக்கும்போதும் நிறுத்துவது நம் வேலைதான்.

அதிசயம் எதையும் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி மதுரைக்குப் போனார், கருவிக்கு அடியில் மல்லாந்து படுத்தார், கரண்ட் வைத்தார்கள். கோடை வரை இருந்தார். மண்டிக்குக்கூடப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, வேறொருவன் கூவுவதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாராம். பிறகு நோய் ஈரலுக்குப் போனது, அதில் இறந்தார். பெரிய டாக்டர் அதைக் கேள்விப்பட்டு, "நான்தான் சொன்னேன்ல" என்றார். சொன்னார்தான். உலகத்தில் எல்லாரைப் பற்றியும் அதையே சொல்லிவிட்டால் ஒருநாளும் தப்பாகாது.

நான் சொல்ல வந்தது அறுவை நடந்த அன்று மதியத்தைப் பற்றி. அவர் விழித்து, தனியாக மூச்சு விட்டு, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு வார்டுக்குப் போயிருந்தார். நான் சாப்பிட்டுவிட்டு வார்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். கொற்கைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய தங்கை தகவல் கிடைத்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். எனக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாக அறைக்குள் போனவள், அப்படியே மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள்.

"ஏ அண்ணே, ரெண்டு பேருமா சேந்து போயிட்டீயளே. என்ன இங்கன ஒத்தையா விட்டுட்டுப் போயிட்டீயளே."

வராந்தாவில் இருந்த உறவு முழுக்க உள்ளே பாய்ந்தது. மருமகன் தலையில் கையை வைத்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்தார். பெரிய டாக்டர் படியேறி ஓடி வந்தார், அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். நானும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணாச்சி கட்டிலில் மல்லாந்து, காலை நீட்டி, வாயைத் திறந்தபடி கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே வெறும் தரையில், பாய்கூட இல்லாமல், அவருடைய மனைவி விழுந்த மாதிரி கிடந்தார். ஒரு கை கட்டில் காலைப் பிடித்திருந்தது. இத்தனை சத்தத்திலும் அவர் அசையவில்லை. படுக்க முடியாதவர் ஒருவர்தான் என்று மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் இருந்த டாக்டர்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தங்கை மறுபடி அலற வாயைத் திறந்தாள். அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். குரல் கரகரத்தது, ஆனால் ஒரே மூச்சில் முழுசாக வந்தது.

"ஏட்டி, சவத்து மூதி, சத்தம் போடாத. ஒங்க மதினி இப்பந்தான் ஒறங்குதா."